மடி கொடுக்காத தாய்மாமன்

1

என் நெஞ்சுக்கு இந்த மாதம் ஏழு வயது நிறைகிறது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, நெஞ்சுக்கு மட்டும் ஏழுதான். பிறக்கும்போதே கோணலாக வந்த வால்வை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தால் செய்த ஒன்றை இங்கே பர்மிங்ஹாமில் வைத்துத் தைத்தார்கள். அந்த நாளை எங்கள் வீட்டில் எனக்கு இரண்டாவது பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி சரோஜா பாயசம் வைக்கலாம் என்பாள், என் மகள் மாலதி கேக்தான் வேண்டும் என்பாள், கடைசியில் கேக் வரும்.

இந்த வால்வு சத்தம் போடும். டிக், டிக் என்று எந்நேரமும். குளிர்காலத்தில் சன்னல்களை அடைத்த அறையில் நான் போய் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் முதலில் சுவரைப் பார்ப்பார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மழையைப் பற்றிப் பேசுவார். வெள்ளைக்காரர்களின் நாகரிகம் அப்படி. பக்கத்தில் உட்கார்ந்தவனின் தொப்பி தீப்பிடித்து எரிந்தாலும், அறிமுகம் ஆகாதவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

மாலதிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து நாலைந்து தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "டாட், கொஞ்சம் ஆடாம உக்காரு" என்றாள். பிள்ளைகள் வரிசையாக வந்து என் சட்டைமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி நன்றி சொன்னாள். இன்னொருத்தி, இதற்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று சரோஜாவிடம் விசாரித்தாள். மாலதி எனக்காகப் பதில் சொன்னாள், அவ்வளவும் இங்கிலீஷில். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதுதான் நான் அவளுக்கு அப்பா. ஆள் வந்துவிட்டால் டாட் ஆகிவிடுவேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது கேக்குக்காக அல்ல. போன வருஷம் ஊருக்கு வந்தபோது, என் தங்கை மகளின் காதுகுத்தில் மடி கொடுக்கமாட்டேன் என்று நான் சபையில் எழுந்து நின்றேன். அதைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்களாம். சீர் செய்ய மனசில்லாத கஞ்சன் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான் என்பது இரண்டு. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடினான் என்பது மூன்று, இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. நெஞ்சை அறுத்தபோது தலைக்குப் போகிற நரம்பு ஒன்றையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள் என்பது நாலு. ஊர் இவ்வளவு உழைத்திருக்கும்போது நான் சும்மா இருப்பது முறையல்ல. என் தரப்பையும் ஐந்தாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2

பிள்ளைப்பாக்கத்தில் என் நோய்க்குப் பெயர் கிடையாது. "பையனுக்கு ஒடம்பு கொஞ்சம் அப்டி" என்பார் அப்பா. எப்படி என்று யாராவது கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது ஊசி போட ஒரு டாக்டர் வந்தார். ஊசியைப் போட்டுவிட்டுப் போகவேண்டியவர், என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கூட வந்தவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அப்பாவை வரவழைத்து, "பிறவியிலேயே வால்வுல கோளாறு இருக்கு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், சரிங்க என்றார், வெளியே வந்து என்னை நேராகத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார்.

என் நெஞ்சு துள்ளுவது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். அது தெரியாமல் இருந்துவிட்டால் நோய் இல்லை என்பது எங்கள் வீட்டு வைத்தியம். "வெளிய தெரிஞ்சா உனக்கும் எவனும் பொண்ணு குடுக்க மாட்டான், உன் தங்கச்சியயும் எவனும் எடுக்க மாட்டான். பொத்திகினு இரு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்த வைத்தியத்தை நான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. ஊரே இடுப்புத் துணியோடு சேற்றில் நிற்கும்போது நான் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு வரப்பில் நிற்பேன். ஓடமாட்டேன், மூட்டை தூக்கமாட்டேன், ஏரியில் குதிக்கமாட்டேன். ஊர் எனக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தது. அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. நோயாளி என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் கல்யாணச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும்.

3

போகத்தான் செய்தது. காஞ்சிபுரத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்பது அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கண்ட ஆளையும் தொடுகிற வேலை என்றாள். ஆனால் எங்களைத் தேடி வந்த சம்பந்தம் அது ஒன்றுதான்.

என் கோளாறு ஒரு தினுசானது. வால்வு சரியாக மூடாமல் ரத்தம் திரும்பி ஓடுவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் கழுத்து நரம்பு துள்ளும், தலை லேசாக மேலும் கீழும் ஆடும். புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம், பிறகு சரோஜா சொன்னாள். அன்றைக்கு எனக்குப் பயத்தில் துடிப்பு வேறு கூடிவிட்டது. பெண்ணின் சித்தப்பா, கல்யாணத்தைக் காஞ்சிபுரத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்றார். என் தலை ஆடியது. பெண் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள் என்றார். ஆடியது. வடை இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்றார்கள். அதற்கும் ஆடியது. எவ்வளவு தங்கமான பிள்ளை, எதற்கும் மறுப்பே இல்லை என்று அந்த வீடு உருகிவிட்டது.

உருகாதவள் ஒருத்திதான். காப்பி டம்ளரை நீட்டியவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமில்லாத பெண் என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. சரோஜா குரலைத் தாழ்த்தி, "படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தலை ஆமாம் என்றது.

அதன் பிறகும் ஏன் கட்டிக்கொண்டாய் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். வாய் புளுகினாலும் கழுத்து உண்மையைச் சொல்கிற ஆம்பளை கிடைப்பது கஷ்டம் என்பாள். இன்னொரு காரணமும் இருந்தது. இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். என் வால்வுக்கு அங்கேதான் வழி என்று பெண் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை, தலையாட்டிவிடுவேன் என்று தெரியும்.

4

விமான நிலையத்தில் இறங்கியபோது அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு வேலை என்றார். சரோஜா கையைத் தூக்கினாள். அப்படியானால் நீ எதற்கு வந்தாய் என்றார் என்னிடம். இவளுடைய கணவன் என்றேன். அது தெரிகிறது, நீ இங்கே என்ன செய்யப்போகிறாய் என்றார். இவளோடு இருக்கப்போகிறேன் என்றேன். அவர் அதை எழுத இடம் தேடினார். புருஷனோடு வருகிற மனைவிக்கு அச்சடித்த கட்டம் இருந்தது, மனைவியோடு வருகிற புருஷனுக்கு எதுவும் இல்லை.

பிறகு மார்பைப் படம் எடுத்தார்கள். படத்தில் என் இதயம் பறங்கிக்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்ததைச் சரோஜா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அவர்கள் தேடியது காசநோயை. அது இல்லை என்றதும் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். இதயம் அவர்கள் இலாகா இல்லை.

திருகாணி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க் ஆனேன். சில வருஷம் கழித்து ஒருநாள் அங்கே மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்ட நர்சிடம், வலியில் நம் ஊர்ப் பேச்சை அப்படியே இங்கிலீஷாக்கி, என் உயிர் போகிறது என்று சொல்லித் தொலைத்தேன். அவள் வலிக்கு மாத்திரை கொண்டுவரவில்லை, பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

அந்தத் தடவைதான் உலோக வால்வை வைத்துத் தைத்தார்கள். அது வந்த பிறகுதான் என் வாழ்க்கையில் மகா பெரிய கேலிக்கூத்து நடந்தது. டாக்டர்கள் மேல்படிப்புத் தேர்வு எழுதும்போது, உண்மையான நோயாளிகளைப் படுக்கவைத்து, இவருக்கு என்ன கோளாறு, கண்டுபிடி என்பார்கள். வருஷம் இரண்டு தடவை என்னைக் கூப்பிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாடும் பஸ் செலவும் உண்டு. பிள்ளைப்பாக்கத்தில் பொத்தி வைத்த நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு நான் படுத்திருக்க, கோட்டும் டையும் போட்டவர்கள் கைநடுங்க வரிசையில் நிற்கிறார்கள். பரீட்சை எழுதி நான் தேறியதே இல்லை, இப்போது நானே பரீட்சை.

ஒரு தடவை நம் மெட்ராஸ் பையன் ஒருவன் வந்தான். என் பெயர் அட்டையைப் பார்த்தான், குழாயை வைத்தான், கேட்பதுபோலக் குனிந்துகொண்டு, "அண்ணே, எந்த வால்வுண்ணே?" என்றான். தேர்வாளர் நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். கை சில்லென்று இருக்கிறதா என்று கேட்கிறார் என்றேன். எவ்வளவு பண்பான டாக்டர் என்று அவர் குறித்துக்கொண்டார்.

5

போன வருஷம் ஊருக்கு வந்தோம். அப்பா காலமாகிவிட்டார், வைத்தியம் மட்டும் உயிரோடு இருந்தது. என் டிக் டிக் சத்தம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அம்மா ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோவை வாங்கி வைத்திருந்தாள். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், ஓடிப்போய் முழு சத்தத்தில் வைத்துவிடுவாள். விவசாய நிகழ்ச்சியில் நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிப்பதைக் கத்திக்கொண்டிருக்கும், அதற்கு மேலே நாங்கள் கத்தி நலம் விசாரித்துக்கொண்டிருப்போம். லண்டன்காரனுக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நெஞ்சு நோய்க்காரனுக்கு ரத்தம் ஊறவேண்டும் என்று தினமும் முருங்கைக்கீரை. ரத்தம் வால்வில் உறையாமல் இருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறேன், கீரை அதிகமானால் மாத்திரை வேலை செய்யாது. இதைச் சரோஜா பொறுமையாக விளக்கினாள். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள், மறுநாள் கீரையை அரைத்து அடையில் போட்டுவிட்டாள்.

என் தங்கை அலமேலுவை ஒரகடத்தில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை முனுசாமி அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் லேத் ஆபரேட்டர். மூன்று வயசு மகள் சுமதிக்கு மொட்டையடித்துக் காது குத்த நான் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும். அழைப்பதற்காகக் குழந்தையோடு வந்த அலமேலு இரண்டு நாள் தங்கினாள்.

மத்தியானம் சுமதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நழுவாமல் இருக்க அவள் மார்பில் கையை வைத்தேன். உள்ளங்கைக்கு அடியில் பூனை உறுமுவதுபோல ஏதோ ஓடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் கிர்ர், கிர்ர் என்று.

சின்ன வயசில் ராத்திரி படுத்துக்கொண்டு என் மார்பில் நானே கையை வைத்துப் பார்த்தபோது இருந்த அதே உறுமல். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய கோளாறு என்று பர்மிங்ஹாமில் சொல்லியிருந்தார்கள். மாலதியை அங்கேயே பரிசோதித்து ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அலமேலுவின் பிள்ளை என் நினைப்பிலேயே வரவில்லை.

சரோஜாவைக் கூப்பிட்டேன். அவள் கையை வைத்தாள், பிறகு காதை வைத்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "இது ரொம்பக் குறுகின வால்வு. உடனே காட்டணும். அதுக்கு முன்னால ஊசி குத்தக்கூடாது, கிருமி ரத்தத்துல ஏறிப் போயி வால்வுல உக்காந்துக்கும்" என்றாள்.

அலமேலு தூங்கும் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அதன் மார்பில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அம்மா பேசினாள். "பொட்டப் புள்ளைக்கு நெஞ்சு நோவுன்னு பேரு கெளம்பினா அப்புறம் எவன் கட்டுவான்? மூணு வயசு கொழந்த, நல்லாத்தானே ஆடிகினு கீது? வாய மூடு." அவ்வளவு வருஷம் கழித்தும் ஒரு வார்த்தைகூடத் தேயாமல் அதே வசனம்.

முனுசாமியிடம் சொன்னேன். "எங்கப்பாவாண்ட யாரு பேசறது மச்சான்? அவுரு குதிப்பாரு. காது குத்து முடியட்டும், பாக்கலாம். லைன்ல ஆளு கம்மி, லீவு கேட்டா சூப்பர்வைசர் கத்தறான்" என்றார்.

6

காதுகுத்து ஒரகடம் ஏரிக்கரை அம்மன் கோயிலில். பந்தல், மேளம், தட்டுத் தட்டாகத் தாய்மாமன் சீர். சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை, அந்த முதல் வதந்திக்காரருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். சுமதிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். காலையிலிருந்து கைக்குக் கை மாறி ஓய்ந்துபோய் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெயில், வெயில் என்று எல்லோரும் விசிறினார்கள்.

ஆசாரி பொன் ஊசியைத் தொடையில் துடைத்துவிட்டு, "மாமன் வந்து குந்துங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. "கொழந்தய பெரிய டாக்டராண்ட காட்டறவரைக்கும் நான் மடி குடுக்க மாட்டேன்" என்றேன். திட்டம் போட்டுச் சொன்னதல்ல. அந்த ஊசியைப் பார்த்ததும் வந்துவிட்டது. தாய்மாமன் என்ற முறையில் என் கையில் இருந்த ஒரே அதிகாரம் என் மடிதான்.

மேளம் நின்றது. சம்பந்தி எல்லப்பன் எழுந்து வந்தார். "இன்னாங்க இது? ஆடு வெந்துகினு கீது, எல போட்டாச்சு, சபைல வந்து இன்னா வெளாட்டு?"

"லண்டன்ல அல்லாரும் ஸ்டிரைக்கு பண்ணுவாங்களாம், அங்க கத்துகினு வந்துகீறாரு" என்றார் முனுசாமியோடு வேலை பார்க்கிற ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"டேய், மானத்த வாங்காதடா, குந்துடா" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

எல்லோரும் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த அமைதியில் என் நெஞ்சு ஓசைப்பட்டது. அம்மாவிடம் அன்றைக்கு ட்ரான்சிஸ்டர் இல்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா, "இன்னாது சத்தம்?" என்று ஆசாரியின் பெட்டியைப் பார்த்தாள்.

சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தேன். கழுத்துக்குழியிலிருந்து வயிறுவரை போகிற தழும்பை என் சொந்த ஊர்க்காரர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள். "சத்தம் இதுலேந்து வருது. பொறந்தப்பலேந்து எனக்கு வால்வுல கோளாறு. மறைச்சு மறைச்சு வச்சு, சாவப்போற நேரத்துலதான் வைத்தியம் பண்ணாங்க. சுமதிக்கும் அதே கோளாறு. அவளுக்கு இப்பவே பாக்கணும்" என்றேன்.

ஒரு இரக்கக் குரல் வரும் என்று எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் இருந்து எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எல்லப்பன் தழும்பை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அப்போ நோவு உங்க வூட்டுது. மறைச்சு எங்க தலைல கட்டிட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அலமேலு தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயைத் திறந்ததில் பிள்ளைக்கு வைத்தியம் கிடைக்குமோ இல்லையோ, அவள் வாழ்க்கை போய்விடும் என்று தோன்றியது.

ஆனால் நம் ஜனங்கள் காரியத்தில் கெட்டிக்காரர்கள். மாமன் மாட்டேன் என்றால் மாமன் முறைக்காரன் போதும். எங்கள் பங்காளி வேலாயுதம் சந்தோஷமாக முன்னால் வந்தான். நான் வைத்த சீர்த்தட்டிலிருந்த வேட்டியையே எடுத்து அவனுக்குப் போர்த்தினார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி காது மடலைப் பிடித்தார்.

அலமேலு வந்தாள். அவசரப்படாமல் குனிந்து, ஆசாரியின் விரல்களைப் பிள்ளையின் காதிலிருந்து எடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா செய்றே நீ?" என்றார் எல்லப்பன்.

"முறைக்கு மாமன் எத்தினி பேரு வேணா கெடைப்பாங்க மாமா. எனக்கு வேற சுமதி எங்க கெடைப்பா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சட்டைய போட்டுகினு வாண்ணே, பஸ்ஸு வந்துடும்" என்று நடந்தாள்.

சரோஜா பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நாங்கள் ரோட்டுக்கு வந்து நின்றபோது முனுசாமி ஓடிவந்தார், கையில் பிள்ளையின் பால் ஃப்ளாஸ்க். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. "இன்னிக்கு எப்டியும் லீவுதான் போட்டுகீறேன்" என்று பஸ் வருகிற திசையைப் பார்த்துச் சொன்னார்.

7

சிங்கப்பெருமாள் கோவிலில் எலெக்ட்ரிக் ரயில் பிடித்தோம். பட்டுப்பாவாடையும் சந்தன மொட்டையுமாகச் சுமதி சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எதிரில் இருந்த அம்மாள், விசேஷமா என்று விசாரித்தாள். ஆமாம் என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவ்வளவு சுலபமாக வேலை ஆகிவிடவில்லை. சீட்டு வாங்க ஒரு வரிசை, அந்தச் சீட்டைக் காட்ட இன்னொரு வரிசை, மறுநாள் வா என்று சொல்லக் கடைசியில் ஒருவர். மறுநாள் போனோம். டாக்டர் குழந்தையின் மார்பில் குழாயை வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "இவ்வளவு சத்தம் போடுது. இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றார்.

"மறைச்சுகினு இருந்தோம் சார்" என்றாள் அலமேலு.

மூன்று வயசுக்குள் எங்கே மறைத்தாள்? அவளுக்கே தெரியாதே. எங்கள் எல்லோருக்காகவும் சேர்த்து அவள் சொன்னாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் என் பக்கம் திரும்பி, "இது என்ன சத்தம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்து, மாணவர்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திவிட்டார். சட்டையைக் கழற்றினேன். பெஞ்சைக்கூடத் துடைக்காமல் படுக்கவைத்தார்கள் என்பது ஒன்றுதான் பர்மிங்ஹாமுக்கும் இதற்கும் வித்தியாசம்.

ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள், செய்யாவிட்டால் சொல்லமுடியாது என்றார் டாக்டர். முறை வரச் சில மாதம் ஆகும். என் விடுப்பு முடிந்துவிட்டது. அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று நான் இங்கே ஸ்டோரில் திருகாணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். வந்தவன் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், என்ன கொடுத்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் ஆள் ஆளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தந்தி வரும்வரை சரோஜாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிழைத்துக்கொண்டாள் என்று தந்தி வந்ததும் நான் அழுதேன். மாலதி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அப்பா" என்றாள். அன்றைக்கு வீட்டில் அவள் தோழி ஒருத்தியும் இருந்தாள்.

8

இந்த வாரம் ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. கடிதம் எழுதச் சோம்பல் வந்தபிறகு எங்கள் வீட்டில் பேசிப் பதிவு செய்துதான் அனுப்புகிறார்கள்.

முதல் பக்கம் முழுக்க அம்மா. மழை இல்லை. ஏரிக்குப் பக்கத்து நிலத்தை விற்கிறாயா என்று மெட்ராஸிலிருந்து யாரோ கேட்டு வருகிறார்கள். இதெல்லாம் முடிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். சம்பந்தி வீட்டில் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள். பிள்ளை மார்பில் இருக்கிற தழும்புக்கு, சுடுகஞ்சி கொட்டிவிட்டது என்று ஊருக்குச் சொல்வதாக எல்லப்பனும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு வீடும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

"நாங்க கஞ்சி கொட்டிச்சுன்னு சொல்லிகினு கீறோம். உன் மருமவ இன்னா பண்றா தெரியுமா? வர்றவங்க போறவங்க கிட்டலாம் கவுனு கழுத்த இழுத்து வுட்டு, எந்நெஞ்ச தொறந்து ரிப்பேர் பண்ணாங்க, பாக்கறியான்றா. பூ விக்கறவ, பால்காரன், ஒருத்தர் பாக்கி இல்ல. அதட்டினா ஓடிப்பூடுறா. நீ சொன்னா கேப்பாளாம். பொத்திகினு இருக்கச் சொல்லி நீயே பேசி அனுப்பு."

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல், கோழிச் சத்தம், யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம். ஒரு குழந்தை தூரத்தில் சிரித்தது. பிறகு அலமேலு வந்தாள், இரைக்க இரைக்க.

"அண்ணே, அம்மா சொன்னத காதுல போட்டுக்காத. இரு, கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறேன். தெருக்கோடியிலேந்து தொரத்திகினு வந்தேன், கைல சிக்கவே இல்ல. இப்பல்லாம் மூச்சு வாங்கறது எனக்குத்தான்."